குழித்தறியில் ஊறும் தண்ணீர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கூடியிருக்கும் மதுரை மக்களே, வணக்கம்.

"கடையும் வீடும் கலந்த அடுக்குமாடி வளாகம் எழுப்பும் முன் அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்பது ஊருக்கு நன்மையா, வளர்ச்சிக்குத் தடையா?" என்பது இன்றைய தலைப்பு. நன்மையே என்று பேச வந்திருக்கிறேன். நான் வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூர்க்காரன். எங்கள் தெரு முனையில், பழைய நெசவுக் கூடம் நின்ற மனையில், அப்படியொரு வளாகம் வரப்போகிறது. கீழே கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், உச்சியில் வீடுகள், தரைக்கு அடியில் இரண்டு தளம் வாகன நிறுத்தம்.

ஒரு நாள் அதன் வரைபடத்தை எங்கள் முன்னால் மேசையில் விரித்தார்கள். எழுத்தெல்லாம் ஆங்கிலம். எழுபது வயதைத் தாண்டிய நெசவாளர் அம்மா ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தாளின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன தம்பி?"

"வண்டிகள் கீழே இறங்கும் பாதை அம்மா."

"எவ்வளவு ஆழம் போகும்?"

"மூன்று ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும்."

"என் தறிக்குழி இடுப்பளவுதான். ஐப்பசி பிறந்தால் அதிலேயே தண்ணீர் ஊறுகிறது, தம்பி."

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்து நெய்யும் தறி அது. அறுபது ஆண்டுகளாக அந்த அம்மாவின் பாதம் எங்கள் தெருவின் மண்ணுக்குள் இருந்திருக்கிறது. நிலத்தடி நீர் ஏறினால் முதலில் குழியின் மண்சுவர் கறுக்கும், பிறகு உள்ளங்கால் குளிரும், பிறகு மிதிகட்டை ஊறிப் பருத்து இறுகும். உடனே தறியில் பூட்டிய பாவு நூலைச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிடுவார். 2024 அக்டோபரில் ஒரே மழையில் செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் நிரம்பி வழிந்தபோது, அவர் வீட்டுக்குள் ஏறிய தண்ணீரின் பழுப்புக் கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. இரண்டு முறை வெள்ளை அடித்தும் போகவில்லை. அந்த மனையின் மண்ணைத் துளைபோட்டுப் பரிசோதித்ததோ பங்குனி வெயிலில். பரிசோதித்தவர் பொய் சொல்லவில்லை. பங்குனியில் அந்த மண் காய்ந்துதான் கிடக்கும். ஐப்பசியில் அது எப்படி இருக்கும் என்று யாரைக் கேட்டிருக்க வேண்டும்?

எதிரணித் தலைவர் அழுத்தமாக ஒன்றைச் சொன்னார். "விதிகள் இருக்கின்றன, பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஆளாளுக்குக் கருத்துச் சொன்னால் செங்கல் எழும்புமா?" என்றார். விதிகளை நானும் மதிக்கிறேன். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டிக் கட்டக் கூடாது என்ற விதி இருப்பதால்தான் நம் கோபுரங்கள் இன்றும் வானத்தில் தனித்து நிற்கின்றன. ஆனால் விதிப் புத்தகம் எங்கே வாய்மூடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் வளாகம் முன் அனுமதி பெற வேண்டும். அதே அறிவிக்கை, கட்டுமானத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கும் கொடுத்துவிட்டது. நகரின் முழுமைத் திட்டத்துக்கு ஆட்சேபணை கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. என் வீட்டுச் சுவரை ஒட்டி எழும் கட்டிடத்துக்கு என் வாயிலிருந்து ஒரு சொல்லைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஐப்பசித் தண்ணீர் புகுந்துகொள்கிறது, நடுவர் அவர்களே!

அடுத்துப் பேசிய சகோதரி, "ஆங்கிலேயர் காலத்தில் மதுரைக் கோட்டை மதிலை இடித்தாரே கலெக்டர் பிளாக்பர்ன், அவர் கூட்டம் போட்டா கேட்டார்?" என்றார். கூட்டம் போடவில்லைதான். ஆனால் என்ன செய்தார்? மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, வீடு கட்டிக்கொள்ளும் மக்களுக்கே அந்த நிலத்தைக் கொடுத்தார். வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி எழுந்தவை. மக்களை வேலையின் பங்காளியாக்கிய அந்த மனிதருக்கு இந்த ஊர் நன்றியோடு நிறுத்தியதுதான் விளக்குத்தூண். சகோதரி காட்டிய சான்று எங்கள் அணிக்குரியது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கலப்புக் கட்டிடத்தின் மீது பகை இல்லை. தெற்கு ஆவணி மூல வீதியில் கீழே நகைக்கடை, மேலே குடித்தனம். கீழமாசி வீதியில் கீழே மளிகை மண்டி, மாடியில் பேரப்பிள்ளைகளின் சத்தம். கடைக்கு மேலேயே குடியிருந்து வளர்ந்த ஊர் இது. பெரியவர்களுக்கு மருந்துக் கடை பக்கத்திலேயே வருவதும், இரவு பத்து மணிக்கும் தெருவில் வெளிச்சம் இருப்பதும் எங்களுக்கும் பிடித்த சங்கதிகள்தான். வளாகம் வரட்டும்.

எதிரணி சொன்னவற்றில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று. "நாளை அந்த வீடுகளில் குடியேறப் போகிறவர்கள் இன்றைய கூட்டத்தில் இல்லையே, அவர்களுக்காக யார் பேசுவது?" என்றார் இளைஞர் ஒருவர். நியாயமான கேள்வி. இருப்பவர்கள் மட்டும் பேசினால் வருகிறவர்களுக்குக் கதவு அடைபடலாம். வாடகைக்கு வீடு தேடி அலையும் இளம் குடும்பங்களை நானும் அறிவேன். அதனால்தான் எங்களிடம் கருத்துக் கேட்பது வேறு, தடுக்கும் அதிகாரத்தை எங்களுக்குக் கொடுப்பது வேறு என்கிறேன். நாங்கள் வேண்டுவது முதலாவதை. குடியேறப் போகும் அந்தக் குடும்பத்தின் ஸ்கூட்டரும் அதே கீழ்த்தளத்தில்தானே நிற்கும்? அந்த அம்மாவின் சொல் அவர்களையும் சேர்த்தே காக்கிறது.

ஆனால் கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் தறிக்காரரும் வருவதில்லை, கடைச் சிப்பந்தியும் வருவதில்லை. வரைபடம் தமிழில் இருக்க வேண்டும். வரைந்து முடித்த பிறகு கேட்காமல் வரையும்போதே கேட்க வேண்டும். சாதாரண செவ்வாய்க்கிழமையில் தெருவில் நின்று வண்டிகளை எண்ணிக்கொண்டு போனவருக்கு, அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் வடகரையில் கால் வைக்க இடமிருக்காது என்பது எப்படித் தெரியும்? அதைச் சொல்ல எங்கள் தெருவில் பச்சைப் பிள்ளை போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்ன ஒவ்வொரு கருத்துக்கும் எழுத்தில் பதில் வர வேண்டும். ஏற்றுக்கொண்டால் எப்படி, மறுத்தால் ஏன் என்று.

அன்று அந்த அம்மா மேசையை விட்டு நகரும் முன் இன்னொன்றும் கேட்டார். "கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறினால் மோட்டார் வைத்து இறைப்பீர்கள், சரி. இறைத்த தண்ணீரை எந்தப் பக்கம் விடுவீர்கள்?" தாளில் அதற்குக் கோடு இல்லை. எங்கள் தெருதான் அங்கே தாழ்ந்த பக்கம். கடைக்கால் தோண்டும் முன் அந்தக் கோட்டை வரைந்து, அந்த அம்மாவிடம் கொண்டுவந்து காட்டட்டும். நன்றி, வணக்கம்.