வாளியில் எழும் குமிழிகள்: களிமண், நீர், நுண்துளை

[காட்சி: வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் குளியலறை. நீர் நிறைந்த பிளாஸ்டிக் வாளி. அதனுள் செங்குத்தாக நிற்கும் வெள்ளைச் சுவர் ஓடுகள்.]

வணக்கம். குளியலறைச் சுவரில் ஓடு பதிக்க வந்திருக்கும் மேசன் பாஸ், வேலையைத் தொடங்குவதற்கு முன் ஓடுகளை ஒவ்வொன்றாக இந்த வாளிக்குள் இறக்குகிறார். இறக்கிய உடனேயே ஓட்டின் பின்புறத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் எழுகின்றன. சோடாப் போத்தலைத் திறந்தாற்போல ஒரு மெல்லிய இரைச்சலும் கேட்கிறது. ஓட்டின் உடலில் உள்ள நுண்துளைகளுக்குள் நீர் புகுவதால், அதுவரை அங்கே இருந்த காற்று வெளியேறுகிறது. ஊறாத ஓட்டைச் சீமெந்துச் சாந்தில் பதித்தால், சாந்தில் இருக்கும் நீரை ஓடு குடித்துவிடும்; நீர் போதாத சீமெந்து சரியாக இறுகாது; பிறகு ஒருநாள் விரலால் தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளலாக இருப்பது சத்தத்திலேயே தெரியும். "குமிழி நிக்கும் வரைக்கும் ஓட்டில கை வைக்கப்படாது, தம்பி" என்று அவர் சொல்வதன் பொருள் இதுதான்.

அதே வாளிக்குள் தரை ஓடு ஒன்றையும் போட்டுப் பார்த்தோம். ஒரு குமிழிகூட எழவில்லை. பழைய சோனகத் தெருக் கடைகளில் இவ்விரண்டு ஓடுகளும் பக்கத்துப் பக்கத்து அடுக்குகளில் இருக்கின்றன. மேற்பூச்சைப் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. ஆனால் சர்வதேசத் தர வகைப்பாட்டில் அவை இரண்டு எல்லைகளில் நிற்கின்றன. மிக இறுக்கமான வகைத் தரை ஓடு தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது. சுவர் ஓடு 10 சதவீதத்துக்கும் கூடுதலாக உறிஞ்சலாம். இரண்டும் களிமண்ணிலிருந்து வந்தவை, இரண்டும் அழுத்தப்பட்டவை, இரண்டும் சுடப்பட்டவை. அப்படியிருக்க, ஒன்றில் ஏன் துளை இருக்கிறது, மற்றொன்றில் ஏன் இல்லை?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், மண்ணை உருவாக்கிச் சுடும் தொழிலின் கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மண்ணுக்குள் நீரை எப்படிக் கொடுப்பது, கொடுத்த நீரை எப்படி எடுப்பது, எடுத்தபின் எஞ்சும் வெற்றிடத்தை என்ன செய்வது என்பதே அந்த நூல்.

[காட்சி: ஈரக் களிமண் உருண்டையைப் பெருவிரல் அழுத்துகிறது. விரல் எடுத்த பின்னும் பள்ளம் அப்படியே நிற்கிறது.]

கொழும்புக்கு அருகே பொரலஸ்கமுவவிலும், தெற்கே மீட்டியாகொடவிலும் கிடைக்கும் கயோலின் என்ற வெண்களி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளால் ஆனது. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குமே தவிர எளிதில் பிரியாது அல்லவா? அதுபோலத் தகடுகளுக்கிடையில் படலமாக நிற்கும் நீர், அவற்றை வழுக்கவும் விடுகிறது, பிரியாமல் பிடித்தும் வைக்கிறது. களிமண் கொடுத்த வடிவத்தில் நிற்பது இதனால்தான். உலரும்போது அந்தப் படலம் போய்விட, தகடுகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, பாண்டம் சுருங்குகிறது. எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் சுருங்கினால் தொல்லை இல்லை. ஒரு பக்கம் முந்திக்கொண்டால் பாண்டம் வளையும் அல்லது வெடிக்கும். ஒரு பயிற்சி வகுப்பில் மழைக்காலத்தில் நான் செய்த தட்டம் ஒன்று, மேசை விசிறியின் பக்கம் இருந்த விளிம்பு மட்டும் முதலில் காய்ந்ததால், விடிவதற்குள் நடுவரைக்கும் பிளந்து கிடந்தது. கொழும்பின் ஈரக்காற்றில் விரைவாக உலர்த்த வேண்டும் என்ற அவசரம், உலர்த்தாமல் விடுவதைக் காட்டிலும் கெடுதல் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இதைவிட ஆழமாக இன்னொரு நீரும் உண்டு. கயோலினின் பளிங்கு அமைப்புக்குள்ளேயே, அதன் எடையில் ஏறத்தாழ 14 சதவீதம் நீராக வெளியேறக்கூடிய வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் அது போகாது. 500 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில்தான் வெளியேறுகிறது. அது போனபின் அந்த மண்ணை எவ்வளவு நீரில் கரைத்தாலும் மறுபடி களியாகாது. பச்சைப் பானை மழையில் கரைவதும், சுட்ட பானை கரையாமல் நிற்பதும் இந்த ஒரு மாற்றத்தால்தான்.

குயவரின் சக்கரமான திகிரியைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. மெசப்பொத்தேமியாவில் 5,000 ஆண்டுகளுக்கும் முன்பே சுழன்ற அந்தச் சக்கரம் வட்டமான பாத்திரத்தை நிமிடக்கணக்கில் எழுப்பித் தந்தது. ஆனால் வட்டமல்லாத எதையும் அது தராது. நீள்வட்டத் தட்டும், மூக்கு வைத்த தேநீர்க்கேத்தலும், இன்றைய கொமட்டும் திகிரியில் ஒரே துண்டாகப் பிறக்க முடியாதவை. அவற்றுக்கு அச்சு வேண்டும். அச்சுக்குள் ஊற்ற, பாயும் மண் வேண்டும்.

[காட்சி: பரிஸ் சாந்தினால் ஆன வெள்ளை அச்சு. அதன் வாய்வழியே பாலாடை நிறத்தில் களிக்குழம்பு ஊற்றப்படுகிறது.]

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட்ஷயர்ப் பாண்டத் தொழிலாளரிடையே பரவிய பரிஸ் சாந்து அச்சு, என் பார்வையில், திகிரிக்கு அடுத்தபடியான பெரிய பாய்ச்சல். அச்சின் சுவரே நுண்துளைகள் நிறைந்தது. களிக்குழம்பை உள்ளே ஊற்றியதும், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தத் துளைகள் நீரை இழுக்கின்றன. நீரோடு வந்த மண்துகள்கள் உட்புகமுடியாமல் சுவரிலேயே படிகின்றன. இப்போது அச்சின் வாயைக் கவனியுங்கள். குழம்பின் மட்டம் மெல்ல இறங்குகிறது; விளிம்பையொட்டி ஒரு மங்கிய வளையம் தோன்றித் தடிக்கிறது. தேவையான தடிப்பு வந்ததும் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்து ஊற்றிவிட, உள்ளே வெற்றுக் கேத்தல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சிறிது நேரத்தில் அது சுருங்கித் தானாகவே அச்சை விட்டு விலகுகிறது. எந்தச் சுருக்கம் என் தட்டத்தை உடைத்ததோ, அதுவே இங்கே பாண்டத்தை விடுவிக்கும் கருவியாகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. படிந்த மண்ணே அடுத்துவரும் நீருக்குத் தடையாகிவிடுவதால், தடிப்பை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு நேரம் ஆகிறது. மெல்லிய கோப்பைக்கு நிமிடங்கள் போதும்; தடித்த கொமட்டுக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்றைய பெரிய ஆலைகளில் சாந்து அச்சுக்குப் பதிலாக நுண்துளைப் பிசின் அச்சை வைத்து, குழம்பை அழுத்தத்தோடு தள்ளுவது இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான். அதற்கும் முன்பே வந்த தந்திரம் இன்னும் அழகானது: குழம்பில் சிறிதளவு சோடியம் சிலிக்கேற்றைக் கலந்தால், துகள்கள் ஒரேவகை மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன, அதனால் மிகக் குறைந்த நீரிலேயே குழம்பு பாலைப்போல ஓடுகிறது. குறைந்த நீர் என்றால் குறைந்த சுருக்கம்.

நீரைக் குறைப்பதே நோக்கமென்றால், நீரே ஏறக்குறைய இல்லாமல் மண்ணை வடிவாக்கினால் என்ன? 1840இல் ரிச்சர்ட் ப்ரொசர் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற முறை அதைத்தான் செய்தது. சற்றே ஈரமான மண்தூளை இரண்டு உலோக அச்சுகளுக்கிடையில் வைத்துத் திருகு அழுத்தியால் நெருக்கினார். சட்டைப் பொத்தானுக்குப் பயன்பட்ட முறை அது. ஸ்டோக் நகரின் பாண்ட உற்பத்தியாளர் ஹேர்பேர்ட் மின்டன் அதன் பெறுமதியை உடனே கண்டு, காப்புரிமையில் பங்கு வாங்கி, அதை ஓட்டுக்குக் கொண்டுவந்தார். நம் வாளியில் கிடக்கும் ஓடுகள் அந்தப் பொத்தானின் வாரிசுகள்.

[காட்சி: உள்ளங்கையில் மண்மணிகள். மணலைப்போல விரலிடையே வழிகின்றன.]

இன்றைய ஓட்டு ஆலையில் களிக்குழம்பு, சூடான காற்று நிறைந்த உயர்ந்த கோபுரத்துக்குள் தூறலாகப் பீச்சப்படுகிறது. துளிகள் கீழே விழுவதற்குள் உலர்ந்து, 5 அல்லது 6 சதவீத ஈரத்தோடு, உள்ளே வெற்றிடமுள்ள சிறு மணிகளாகின்றன. மாவைப்போலக் கட்டிபடாமல் மணலைப்போல ஓடுவதால், அவை அச்சின் மூலை முடுக்கெல்லாம் சமமாக நிரம்புகின்றன. அழுத்தும் இயந்திரம் ஒரே அடியாக இறங்குவதில்லை. முதலில் இலேசாக அழுத்தி, ஒரு கணம் மேலெழும்பி, சிக்கிய காற்று தப்பிக்க வழிவிட்டு, பிறகே முழுப் பலத்தோடு இறங்குகிறது. அந்த ஒரு கணத்தைத் தவறவிட்டால், சூளையில் ஓடு அப்பளம்போலப் படலம் படலமாகப் பிரியும். 1970களில் இத்தாலியில் வேரூன்றிய உருளைச் சூளை, முன்பு ஒரு நாளுக்கு மேல் எடுத்த சுடுதலை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்தது. ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்படாமல், சுழலும் உருளைகளின்மேல் ஒற்றை வரிசையாகப் போவதால் அது சாத்தியமாயிற்று.

இனி வாளிக்குத் திரும்பலாம். தரை ஓட்டுக் கலவையில் பெல்ஸ்பார் என்ற கனியம் கணிசமாகச் சேர்க்கப்படுகிறது. நம் நாட்டில் மாத்தளைப் பக்கத்து ஓவலையில் அது தோண்டப்படுகிறது. 1,200 பாகை செல்சியஸை நெருங்கும்போது அது உருகிக் கண்ணாடியாகி, துகள்களுக்கிடையே புகுந்து துளைகளை அடைக்கிறது. விளைவாக ஓடு மேலும் சுருங்குகிறது; சூளையின் வெப்பம் இடத்துக்கிடம் சற்று மாறினாலும் ஓட்டின் அளவும் மாறிவிடும். சுவர் ஓட்டில் வேறு கணக்கு. அதன்மேல் யாரும் நடப்பதில்லை; ஆனால் விளிம்புகள் நேராகப் பொருந்த வேண்டும். ஆகவே சுண்ணாம்புக்கல் சேர்த்து, குறைந்த வெப்பத்தில், அநேகமாகச் சுருங்கவே விடாமல் சுடுகிறார்கள். துளைகள் திறந்தபடியே எஞ்சுகின்றன. ஆகவே வாளியில் கண்ட குமிழிகளைக் குறைபாடு என்று எண்ண வேண்டாம். நேரான விளிம்புக்காக ஆலை தெரிந்தே கொடுத்த விலை அது.

சூளையின் வெப்பத்தை அளக்கவும் இதே சுருக்கம் ஒருகாலத்தில் உதவியது. 1782இல் ஆங்கிலேயப் பாண்ட உற்பத்தியாளர் ஜொசையா வெஜ்வுட், சிறு களிமண் உருளைகளைச் சூளையில் சுட்டு, பின் குறுகிச்செல்லும் பித்தளைத் தவாளிப்பில் அவை எவ்வளவு தூரம் நழுவுகின்றன என்று பார்த்தார். கூடச் சுட்டது கூடச் சுருங்கும். கூடத் தூரம் போகும். அந்த அளவுகளை வெப்பநிலையாக மாற்றியபோது அவர் கணக்கு உண்மையைவிடப் பல மடங்கு மிகைத்துவிட்டது. எனினும், நேற்றைய சூடும் இன்றைய சூடும் ஒன்றா என்று அறிய அது போதுமானதாக இருந்தது. 1886இல் ஜேர்மனியரான ஹேர்மன் சேகர், குறித்த சூட்டில் தலைசாயும் கூம்புகளை உருவாக்கினார். அதே கோட்பாட்டில் செய்த கூம்புகளை இன்றும் சூளைகளில் காணலாம்.

[காட்சி: இரவு. காலி வீதியில் மஞ்சள் ஒளி வீசும் பழைய சோடியம் தெருவிளக்கு ஒன்று.]

20ஆம் நூற்றாண்டில் களிமண்ணே இல்லாத பீங்கான் வந்தது. அலுமினா (அலுமினியம் ஒட்சைட்டு) போன்ற தூய ஒட்சைட்டுத் தூளுக்கு நீர் கொடுத்தாலும் வழுக்கும் தகடு கிடையாது. சேதனப் பிசினைக் கலந்துதான் அதைப் பிடித்துவைக்க வேண்டும். 1940களில் அமெரிக்கரான கிளென் ஹோவற், அப்படியொரு குழம்பைத் தோசைக்கல்லில் மாவை இழுப்பதுபோலத் தகட்டுவிளிம்பால் மெல்லிய நாடாவாக இழுத்தார். போர்க்காலத்தில், மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் மின்கொள்ளளவிகளுக்கு வேண்டிய மைக்கா என்ற கனியம் தட்டுப்பாடானதன் விளைவு அது. உங்கள் கைபேசிக்குள் இருக்கும் பல நூறு கொள்ளளவிகள் இன்றும் அந்த நாடா முறையிலேயே செய்யப்படுகின்றன.

அலுமினாவிலும் துளைதான் வில்லன். தூளைச் சுடும்போது அதன் நுண்ணிய பளிங்கு மணிகள் விரைந்து வளர்ந்து, இடையிலிருந்த நுண்துளைகளை விழுங்கிவிடும். விழுங்கப்பட்ட துளை வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, ஒளியைச் சிதறடித்துப் பொருளைப் பால்வெள்ளையாக்கும். 1950களின் இறுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த ரொபேர்ட் கோபிள், மிகச் சிறிதளவு மகனீசியம் ஒட்சைட்டைச் சேர்த்தால் துளைகள் மணிகளின் எல்லையிலேயே நின்று தப்பித்துவிடுவதைக் காட்டினார். பீங்கான் ஒளியைக் கடத்தத் தொடங்கியது. உயரழுத்தச் சோடியம் ஆவி சாதாரண கண்ணாடியை அரித்துவிடும்; இந்த அலுமினாக் குழாயை அரிக்கவில்லை. கொழும்பு வீதிகளைப் பல்லாண்டு மஞ்சளாக்கிய விளக்குகளின் நடுவில் இருந்தது இதுவே.

துளையை ஒழிக்கப் பாடுபட்டவர்கள் ஒருபுறமிருக்க, துளையையே சரக்காக்கியவர்களும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் கோர்னிங் நிறுவனத்தின் ரொட்னி பாக்லி, காரின் புகையைச் சுத்திகரிக்கும் தேன்கூட்டுப் பீங்கானுக்கான அச்சை வடிவமைத்தார். நம் இடியப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் துளைகளிலிருந்து தனித்தனி இழை வரும். பாக்லியின் அச்சிலோ, பின்புறத் துளைகளால் நுழையும் மண், முன்புறத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய பிளவுகளுக்குள் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மெல்லிய சுவர்களாக வெளியேறுகிறது. சுவர்களுக்கிடையே ஒரு சதுர அங்குலத்துக்கு நூற்றுக்கணக்கான குழாய்கள்.

இதைவிட எளிய துளையை, குடிநீர் வடிகட்டிக்காக, 1981இல் குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் வடிவமைத்தார். களிமண்ணோடு மரத்தூள் அல்லது உமிபோன்ற எரியக்கூடிய தூளைக் கலந்து சட்டியாக அழுத்திச் சுட்டால், தூள் எரிந்து போன இடமெல்லாம் நுண்துளையாகிறது. ஊற்றிய நீர் அவற்றின் வழியே மணிக்கு ஓரிரு லீற்றராகக் கசிந்து இறங்க, அழுக்கும் பெரும்பாலான கிருமிகளும் மேலேயே தங்கிவிடுகின்றன. இதே வீட்டின் சமையலறையில் சொட்டிக்கொண்டிருக்கும் வடிகட்டியின் வெள்ளைப் பீங்கான் மெழுகுதிரியும், நுண்துளையை நம்பி இதே வேலையைச் செய்கிறது.

[காட்சி: மீண்டும் குளியலறை. வாளியில் நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்கியிருக்கிறது. நீர்ப்பரப்பு அசைவற்றிருக்கிறது.]

குமிழி நின்றுவிட்டது. மேசன் பாஸ் முதல் ஓட்டை வெளியே எடுத்து, பின்புறத்து நீரை ஒருதரம் உதறி, சாந்துக் கரண்டியைக் கையிலெடுக்கிறார்.