பாவடியில் மாலை 5 மணி: பிள்ளைகள் விளையாடுவது குறைந்துவிட்டதா?

எல்லோருக்கும் வணக்கம். நான் இப்போது நிற்பது சேலம் அம்மாபேட்டையில், ஒரு பாவடியில். பாவடி என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெசவாளர்கள் வாழும் ஊர்களில், பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், நீட்டுவதற்கென்றே பொதுவில் ஒரு நீளமான இடம் விட்டிருப்பார்கள். பாவைக் கஞ்சியில் தோய்த்து, இழுத்துக் கட்டி, வெயில் உறைப்பதற்குள் காயவைத்துச் சுருட்டிவிட வேண்டும். விடியற்காலையில் தொடங்கினால் காலைச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். அதன்பிறகு மறுநாள் விடியும்வரை அந்த இடம் பிள்ளைகளுக்குத்தான். 1990களில் அப்படித்தான் இருந்தது.

கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். இடது பக்கம் துணி போர்த்திய நான்கு கார்கள். அந்த மூலையில் பந்தல்காரருடைய மூங்கிலும் தகரமும். நடுவில் மிச்சமிருக்கும் இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். எண்ணிவிட்டேன், பதினொரு பேர். ஓரமாகச் சைக்கிள் ஓட்டும் இரண்டு சிறுமிகள். மே மாத விடுமுறை நாள், மணி 5.20.

இன்று இங்கே வந்ததற்குக் காரணம் என் அண்ணன். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மகனைப் பார்த்து, “நாங்கள் விளையாடியதில் கால்வாசிகூட நீங்கள் விளையாடுவதில்லையடா” என்றார். “மாமா, நான் வாரத்தில் இரண்டு நாள் விளையாடுகிறேன்” என்றான் அவன். “வாரத்துக்கு இரண்டு நாளா? நாங்கள் ஒரு நாளைக்கு இரண்டு முறை விளையாடுவோம்” என்றார் அண்ணன். பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. எனக்குத்தான் மனதில் நிற்கவில்லை. இருவரில் யார் சொல்வது சரி?

முதலில் அண்ணன் பக்கம். அவர் சொல்வதில் மிகை எதுவும் இல்லை, நான் நேரில் பார்த்தவள். இதோ இந்தச் சுவர், கிட்டே வருகிறேன். இந்த இடத்தில்தான் கரித்துண்டால் மூன்று கோடு போட்டிருப்பார்கள், அதுதான் ஸ்டம்பு. பிறகு எத்தனையோ முறை வெள்ளையடித்துவிட்டார்கள், கோடு போய்விட்டது. சுவரில் போட்ட ஸ்டம்பில் ஒரு சிக்கல் உண்டு. பந்து கோட்டில் பட்டதா, பக்கத்தில் பட்டதா என்று தினமும் சண்டை வரும். பந்து சாக்கடையில் விழுந்து எழுந்த நாட்களில் மட்டும் சண்டையே கிடையாது. அடித்தவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். எடுத்துத் தரையில் நான்கு தடவை தட்டிவிட்டுக் கொடுப்பான். அப்படியும் ஈரம் போகாது. அடுத்த பந்து சுவரில் பட்டதும் ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம் விழும். வட்டம் கோட்டைத் தொட்டிருந்தால் அவுட். எல்லோரும் கூடி நின்று அந்த வட்டத்தைப் பார்ப்பார்கள். அது காய்ந்து மறைவதற்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

கிரிக்கெட் மட்டும் இல்லை. கோலிக்கு ஒரு காலம், பம்பரத்துக்கு ஒரு காலம், கிட்டிப்புள்ளுக்கு ஒரு காலம். இன்றிலிருந்து பம்பரம் என்று யாரும் தமுக்கடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் எல்லோர் கையிலும் சாட்டை இருக்கும்.

அந்த ஆட்டங்களில் நான் ஒப்புக்குச் சப்பாணி. எந்த அணியிலும் சேர்க்காமல், ஆனால் துரத்தியும் விடாமல், சின்னப் பிள்ளைகளை ஆட்டத்தில் வைத்திருக்கும் ஏற்பாடு அது. கடைசியில் இரண்டு பந்து எனக்குப் போடுவார்கள். அவுட் ஆனாலும் கணக்கில்லை. மற்ற நேரம் பந்து பொறுக்கிப் போடுவேன். ஆறு வயதில் அப்படி நின்றுகொண்டிருந்த பிள்ளைக்கு எட்டு வயதில் பந்து பிடிக்க வரும். பத்து வயதில், ஆள் குறைகிற ஒரு நாளில், அணியில் எடுத்துக்கொள்வார்கள். என்னையும் எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலை நான் வீட்டுக்கு ஓடிய ஓட்டம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கற்றுக்கொடுக்க யாரும் இல்லை, கட்டணம் இல்லை, வயது வரம்பு இல்லை. பெரியவர்கள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை.

ஆனால் “நாங்கள் எல்லோரும் தெருவில்தான் வளர்ந்தோம்” என்று அண்ணன் சொல்லும்போது அந்த ‘எல்லோரும்’ என்பதில் நான் எவ்வளவு காலம் இருந்தேன்? 1996 மார்ச் மாதம். உலகக் கோப்பை அரையிறுதியில், கொல்கத்தாவில், இலங்கையிடம் இந்தியா தோற்றது. வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறியதை எங்கள் தெருவே ஒரே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தது. அதற்கு அடுத்த வாரம் நான் வயதுக்கு வந்தேன். சடங்கெல்லாம் முடிந்து, ஒரு மாலையில் வழக்கம்போலச் செருப்பைக்கூடப் போடாமல் கிளம்பினேன். ஆயா, அதாவது என் பாட்டி, வாசலில் உட்கார்ந்திருந்தார். “இனிமேல் பாவடிப் பக்கம் போகாதே, கண்ணு” என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. பன்னிரண்டு வயதில் என் விளையாட்டு முடிந்தது. என்னோடு ஆடிய மற்ற மூன்று பெண்களுக்கும் ஒன்றிரண்டு வருட இடைவெளியில் இதேதான் நடந்தது. எந்தத் தலைமுறை அதிகம் விளையாடியது என்று யாராவது கணக்குப் போட்டால் எங்கள் நான்கு பேரையும் அதில் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

கணக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 146 நாடுகள், 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகள் 16 லட்சம் பேர். தினமும் ஒரு மணி நேரமாவது உடல் களைக்க இயங்குகிறார்களா என்பதுதான் கேள்வி. 2016 நிலவரப்படி உலக அளவில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவுக்கு இயங்குவதில்லை. இந்தியப் பையன்களில் இது 72 சதவீதம். இதுவே மிக அதிகம்தான். ஆனாலும் மற்ற பல நாடுகளைவிடப் பரவாயில்லை; 2001-ஐவிட மோசமாகவும் இல்லை, சற்று மேம்பட்டே இருந்தது. இதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். இந்தியாவிலும் வங்கதேசத்திலும் கிரிக்கெட்டுக்கு இருக்கும் மதிப்பு, அதைப் பிள்ளைகள் ஏற்பாடு ஏதும் இல்லாமல் தங்கள் பகுதியிலேயே ஆடிக்கொள்வது, இதுவாக இருக்கலாம் என்றார்கள். அதாவது இந்தச் சுவரும் அந்தக் கரிக்கோடும்தான் காரணம்! படித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வரியில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இந்தியப் பெண் பிள்ளைகளும் ஓரளவு இயங்குகிறார்கள் என்பதற்கு அவர்கள் ஊகித்த காரணம், வீட்டு வேலை. பையன் ஓடியது விளையாட்டு. பெண் ஓடியது தண்ணீர் பிடிக்கவும் பாத்திரம் துலக்கவும். இரண்டும் ஒரே பட்டியலில் ‘உடல் இயக்கம்’ என்று ஏறிவிட்டது.

இன்னொன்று, அந்தக் கணக்கு 2016-ஆம் ஆண்டோடு நிற்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் ஜியோ வந்தது. ஒவ்வொரு கையிலும் செல்போன் வந்த பிறகு என்ன ஆயிற்று என்பது அதில் இல்லை. செல்போனைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நடப்பதுதான், எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிள்ளை செல்போனை வைத்துவிட்டு எழுந்தால் போவதற்கு எங்கே இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இப்போது என் மகன் பக்கத்துக்கு வருகிறேன். அவன் ஆடுவது டர்ஃபில். செயற்கைப் புல் விரித்து, நான்கு பக்கமும் மேலேயும் வலை கட்டி, ராத்திரியில் விளக்குப் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். அவன் போகும் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு 900 ரூபாய். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் தலைக்கு 75. நன்றாகத்தான் ஆடுகிறார்கள். முட்டி தேய்வதில்லை, வண்டி வராது, யார் வீட்டு ஜன்னலும் உடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கும் அங்கே கூட்டம் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாட ஆசையே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

ஆனால் மார்ச் மாதம் ஒரு விஷயம் நடந்தது. அவர்களில் ஒரு பையன் வருவதை நிறுத்திவிட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து என் மகனோடு படிப்பவன், அந்தக் கூட்டத்திலேயே நன்றாகப் பந்து வீசுபவன். ஏன் வரவில்லை என்று கேட்டேன். “டியூஷனாம்மா” என்றான் மகன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பையனின் அம்மாவை ரேஷன் கடையில் பார்த்தேன். டியூஷன் எதுவும் இல்லை. வாரத்துக்கு 150, மாதத்துக்கு 600 ரூபாய். “தறி ஓடாத மாதத்தில் எப்படிம்மா கொடுப்பது?” என்று கேட்டார். மகனிடம் வந்து சொன்னேன். அவனுக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. “அவன் பங்கை நாங்கள் போட்டுக்கொள்கிறோம் என்று சொன்னோம். வேண்டாம் என்றுவிட்டான்” என்றான். அதற்கு மேல் அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை.

என் அண்ணனுடைய பாவடியில் இப்படி ஒருவன் நின்றிருக்க முடியுமா? மட்டை இல்லாதவன் ஆடினான், பந்துக்குக் காசு போடாதவனும் ஆடினான். கிரிக்கெட் பந்துவீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜனை எல்லோருக்கும் தெரியும், எங்கள் மாவட்டத்துக்காரர். இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில், ஊர் மைதானத்தில் ஆடியவர். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக இறங்கி, அடுத்த மாதம் பிரிஸ்பேனில் டெஸ்டும் ஆடி, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். 2023-ல் அவர் தன் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்துத் திறந்தார். ஒரு பையனுக்கு முதலில் என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தலைக்கு 75 ரூபாய் என்றிருந்தால் சின்னப்பம்பட்டியிலிருந்து, மட்டை பிடிப்பவரின் காலடியில் விழும் அந்த யார்க்கர் பந்து வந்திருக்குமா?

டர்ஃபில் ஒப்புக்குச் சப்பாணி கிடையாது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 75 ரூபாய் கொடுத்தவன் எல்லாப் பந்தையும் தானே ஆடத்தான் பார்ப்பான், அது நியாயம். தம்பியைக் கூட்டிப் போனால் வலைக்கு வெளியே உட்கார வைக்கிறார்கள். என் மகள் இரண்டு முறை போய் உட்கார்ந்துவிட்டு, மூன்றாம் முறை வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்குப் பதினொரு வயது. அவள் பள்ளியில் கபடி இருக்கிறது, அதில் சேர்ந்திருக்கிறாள், முட்டியில் காயத்தோடு வீட்டுக்கு வருகிறாள். எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்திருக்கிறது, அதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஆனால் பள்ளி இருக்கும் நாளில், பி.டி. பீரியட் இருக்கும் நாளில் மட்டும்தான். நான் படித்த பள்ளியில் பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டார். என் மகனுக்கும் இந்த வருடம் பத்தாம் வகுப்பு, இப்போதே சிறப்பு வகுப்பு அட்டவணை வந்துவிட்டது. நடுவில் சில ஆண்டுகள் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்து, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று வரிசையாக மூன்று வருடம் பிள்ளைகளைக் கட்டிப்போட்டார்கள். நல்லவேளை, 2025-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

இடத்துக்கு வருகிறேன். பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மனைப்பிரிவிலும் விட்டிருக்கிறார்கள். அது பூங்காவாகியிருக்கிறது. பெரியவர்கள் நடக்க எட்டு வடிவத்தில் பாதை, நான்கு பெஞ்சு, வாசலில் ‘இங்கு பந்து விளையாடக் கூடாது’ என்று பலகை. நடப்பவர்களுக்கு இடம் வேண்டும், நானும் நடக்கிறேன். ஆனால் அந்தப் பலகையை எழுதியவர்கள் பந்தோடு வரும் பிள்ளை அடுத்து எங்கே போக வேண்டும் என்றும் ஒரு வரி எழுதியிருக்கலாம். இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது. நாலரை மணிக்குப் பூட்டினால் மறுநாள் காலைதான் திறக்கிறார்கள். விடுமுறை முழுவதும் பூட்டுதான்.

மணி ஆறாகப் போகிறது. வெளிச்சம் குறைகிறது, அதற்குள் சொல்லிவிடுகிறேன். அந்தப் பந்தல் சாமான்களை எடுத்துவிட்டால் இங்கே இன்னும் இருபது அடி கிடைக்கும். பந்தல்காரரிடம் நாளைக்குப் பேசுகிறேன், தெரிந்தவர்தான். கார்காரர்களில் இருவரிடம் பேசிவிட்டேன். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை தெருவில் நிறுத்திக்கொள்கிறோம் என்றார்கள். உங்கள் பகுதியிலும் பாவடியோ பொட்டலோ பள்ளி மைதானமோ இருந்தால், அது மாலையில் திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். ஊர் ஊராகப் பட்டியல் போடுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு இங்கேதான் இருப்பேன். மகனின் நண்பர்களிடம் சொல்லியாயிற்று. நன்றாகப் பந்து வீசும் அந்தப் பையனும் வருகிறேன் என்றிருக்கிறான். என் மகளும் வருகிறாள். பந்து இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், கரித்துண்டும் எடுத்து வருகிறேன். எந்த வயதுப் பிள்ளையாக இருந்தாலும் கூட்டி வாருங்கள்.