மூங்கில் கழியின் அளவு: சீனப் பேரரசில் தண்டனை மாறிய கதை

வணக்கம். பழைய சீனாவின் தண்டனைகள் என்று தேடிப் பாருங்கள். ஆயிரம் வெட்டு (உடம்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கொல்வது), தேரில் கட்டி இழுத்துக் கிழிப்பது என்று ரத்தம் சொட்டும் படங்களாக வந்து விழும். அவையெல்லாம் நடந்தவைதான். ஆனால் இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போவது ஒரு நல்ல உத்தரவு. மனித உடம்பை வெட்டுவதை நிறுத்த வேண்டும் என்று ஒரு பேரரசர் மனப்பூர்வமாகப் போட்ட உத்தரவு. அது எப்படிப் பலருக்கு எமனாக வந்தது, அதைச் சரிசெய்ய என்ன தேவைப்பட்டது என்பதுதான் கதை.

[திரை: ஹான் பேரரசின் வரைபடம். கிழக்கே லின்சி நகரம், மேற்கே தலைநகர் சாங்ஆன்]

சின் வம்சம் விழுந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்சி ஹான் வம்சத்தின் கையில். ஆனால் சின் காலத்துத் தண்டனைகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. குற்றவாளியின் முகத்தில் மையால் பச்சை குத்துவார்கள். அதைவிடப் பெரிய குற்றத்துக்கு மூக்கை அறுப்பார்கள். அதற்கும் மேலே போனால் இடது பாதம், அப்புறம் வலது பாதம். தண்டனைக் காலம் முடிந்து வீடு திரும்பினாலும், அவன் யார் என்பதை முகமே ஊருக்குச் சொல்லிவிடும்.

லின்சியைச் சேர்ந்த சுன்யூ யீ என்பவர், அரசுக் களஞ்சியத்தில் அதிகாரியாக இருந்தவர், பேர்பெற்ற வைத்தியர். எந்நேரமும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார், சிலருக்கு வைத்தியம் பார்க்க மறுத்துவிடுவார். அதனால் நோயாளிகளின் குடும்பங்களுக்கு அவர்மீது கோபம் இருந்தது. யாரோ புகார் கொடுக்க, உறுப்பை வெட்டும் தண்டனைக்குரிய வழக்கில் அவரைப் பிடித்துத் தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு ஐந்து மகள்கள், மகன் கிடையாது. அழுதுகொண்டு நின்ற பெண்களைப் பார்த்து, "பெண்ணாகப் பெற்றேன், ஆபத்துக்கு உதவ ஒரு பிள்ளை இல்லையே" என்று திட்டினார்.

கடைசி மகள் தீயிங்குக்கு அது சுருக்கென்று தைத்தது. அப்பாவின் பின்னாலேயே சாங்ஆன் வரை போனாள். பேரரசர் வென்னுக்கு ஒரு மனு எழுதினாள். அதன் சாரம் இதுதான்: இறந்தவர் மீண்டும் உயிர் பெறுவதில்லை, வெட்டிய உறுப்பு மீண்டும் ஒட்டுவதில்லை. திருந்த வேண்டும் என்று ஒருவன் நினைத்தாலும் அவனுக்கு வழியே இல்லை. என்னை அரசு அடிமையாக எடுத்துக்கொள்ளுங்கள், என் அப்பாவுக்குத் திருந்த ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

இந்த மனுவில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. அப்பா நேர்மையானவர் என்று ஊர் பாராட்டியதை அவள் சொல்கிறாள். ஆனால் அதோடு நிற்கவில்லை. தண்டனையின் அடிப்படையையே கேள்வி கேட்கிறாள். திருந்துவதற்காகத் தண்டனை என்றால், திருந்தியவன் வாழ முடியாதபடி அவனைச் சிதைப்பது எதற்கு? அது அவளுடைய அப்பாவுக்கு மட்டும் பொருந்துகிற கேள்வி இல்லை.

கி.மு. 167-இல் பேரரசர் உத்தரவு போட்டார். உறுப்பை வெட்டும் தண்டனைகள் இருந்தும் குற்றம் குறையவில்லையே, தவறு என்னிடம்தானே இருக்கிறது என்று அதில் அவரே கேட்கிறார். பச்சை குத்துவது, மூக்கு அறுப்பது, பாதம் வெட்டுவது மூன்றும் நின்றன.

[திரை: இரண்டு பத்திகள். இடப்பக்கம் பழைய தண்டனை, வலப்பக்கம் புதியது]

சரி, அவற்றுக்குப் பதிலாக என்ன? அமைச்சர்கள் பட்டியல் போட்டார்கள். பச்சை குத்துவதற்குப் பதில் தலையை மொட்டையடித்து, கழுத்தில் இரும்பு வளையம் மாட்டி, கடும் உழைப்பு. மூக்குக்குப் பதில் மூங்கில் கழியால் 300 அடி. இடது பாதத்துக்குப் பதில் 500 அடி. வலது பாதத்துக்குப் பதில்? மரண தண்டனை.

ஆமாம், ஒரு காலை இழந்து உயிரோடாவது இருந்திருக்கக்கூடியவர் இப்போது தலையையே இழந்தார். 300, 500 அடி வாங்கியவர்களும் பெரும்பாலும் பிழைக்கவில்லை. பெயருக்கு இலேசான தண்டனை, உண்மையில் ஆளைக் கொல்கிறது என்று ஹான் வரலாற்று நூலே எழுதி வைத்திருக்கிறது. ஏட்டில் இருக்கும் தண்டனை ஒன்று, உடம்பில் விழும் தண்டனை வேறு. பேரரசரின் இரக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த எண்களை எழுதியவர்கள், ஒரு மனித உடம்பு எத்தனை அடி தாங்கும் என்று பார்த்து எழுதவில்லை.

அடுத்து வந்தவர் அவருடைய மகன் ஜிங். அடித்த பிறகு தப்பித்தவறி உயிர் பிழைத்தாலும் மனிதனாக நடமாட முடிவதில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். கி.மு. 156-இல் 500 அடி 300 ஆனது, 300 அடி 200 ஆனது. அப்போதும் சாவு நிற்கவில்லை. கி.மு. 144-இல் மறுபடி குறைத்தார்: 300 என்பது 200, 200 என்பது 100.

[திரை: கழியின் படம், அளவுகளுடன்]

இந்த முறைதான் விஷயத்தின் வேருக்குப் போனார்கள். கழியையே சட்டத்தில் எழுதினார்கள். மூங்கிலாக இருக்க வேண்டும். நீளம் இன்றைய கணக்கில் சுமார் 115 சென்டிமீட்டர். அடிப்பக்கத் தடிமன் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், நுனியில் அதில் பாதி. கணுக்களைச் செதுக்கி மழமழப்பாக்க வேண்டும். புட்டத்தில் மட்டுமே அடிக்க வேண்டும். ஒருவருக்கான அடி முடியும் வரை அடிக்கிறவரை மாற்றக் கூடாது. கை ஓய்ந்தவர் நகர, புதுத் தெம்போடு இன்னொருவர் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைசி விதியை எழுதியவருக்குத் தண்டனைக் களத்தில் நடப்பது தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அடி வாங்கியவர்கள் உயிரோடு எழுந்து போனார்கள்.

ஆனால் எல்லா வெட்டும் ஒழிந்துவிடவில்லை. ஜிங்கின் மகன் வூ ஆண்ட காலத்தில் ஆண்மை நீக்கும் தண்டனை நடைமுறையில் இருந்தது. கி.மு. 99-இல் லீ லிங் என்ற தளபதி எதிரிகளிடம் சரணடைந்தார். அரசவையில் அவருக்காகப் பேசியவர் வரலாற்றாசிரியர் சிமா சியென். அதற்காக அவருக்கு மரண தண்டனை. பணம் கட்டினால் தப்பலாம், அவரிடம் அவ்வளவு பணம் இல்லை. எழுதிக்கொண்டிருந்த வரலாற்றை முடிப்பதற்காக, சாவதற்குப் பதில் ஆண்மை நீக்கத்தை ஏற்றுக்கொண்டார். தீயிங்கின் மனுவும், அவள் அப்பா பார்த்த 25 நோயாளிகளின் விவரங்களும் அந்த நூலில்தான் இருக்கின்றன.

பிந்தைய காலத்தை வேகமாகப் பார்த்துவிடுவோம். கி.பி. 653-இல் தாங் வம்சத்தின் சட்டத் தொகுப்பு வந்தது. சிறு கழி, பெருங்கழி, கட்டாய உழைப்பு, நாடு கடத்தல், மரணம் என்று ஐந்து வகை, மொத்தம் 20 படிகள். கழியின் அளவு அப்போதும் விதியாக இருந்தது. ஆனால் பின்னால் வந்த சோங் வம்சத்தின் காலத்தில் கைதிகளின் முகத்தில் பச்சை குத்துவது மறுபடி நடைமுறையில் இருந்தது. ஆயிரம் வெட்டும் பிற்காலச் சட்டப் புத்தகங்களில் ஏறியது. அதாவது, ஒருமுறை ஒழித்தது ஒழித்ததாகவே இருக்கவில்லை.

1905-இல், சிங் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், ஷென் ஜியாபென், வூ திங்ஃபாங் என்ற இரண்டு சட்ட அறிஞர்களின் பரிந்துரைப்படி ஆயிரம் வெட்டு, வெட்டிய தலையைக் காட்சிக்கு வைப்பது, பிணத்தைச் சிதைப்பது, முகத்தில் பச்சை குத்துவது எல்லாம் ரத்தாயின. கழியடித் தண்டனையையும் அப்போதுதான் அபராதமாக மாற்றினார்கள்.