மருந்துக் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஒரே கஷாயம்: கொரியாவின் ஸாங்ஹ்வா தேநீர்

வணக்கம் நேயர்களே. தென்கொரியாவின் வட ஜொல்லா மாநிலத்தில், ஜொங்உப் நகரத்தில் ஸாங்ஹ்வா தேநீர்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவிலிருந்து பேசுகிறேன். கேமராவைச் சற்று அருகில் கொண்டுவருகிறேன், கிண்ணத்தைப் பாருங்கள். கல்லைக் குடைந்து செய்த இந்தக் கிண்ணத்தை நன்றாகச் சூடேற்றிக் கொண்டுவந்து வைத்திருப்பதால், மேசைக்கு வந்த பிறகும் ஓரங்களில் குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது.

தேநீர் என்று சொன்னாலும் இதில் தேயிலை கிடையாது. கொரியர்கள் வேர், பழம், தானியம் என எதை நீரில் கொதிக்கவைத்துக் குடித்தாலும் அதைப் பெரும்பாலும் ‘சா’ என்றே அழைக்கிறார்கள். வறுத்த வாற்கோதுமை நீருக்கும் அதே பெயர்தான். ‘ஸாங்’ என்றால் இரட்டை, ‘ஹ்வா’ என்றால் இணக்கம். உடலில் நிலைகுலைந்த இரண்டு தன்மைகளைச் சமன்படுத்துவது என்ற பொருளில் வைத்த பெயர் இது.

இதில் சேரும் பொருள்களில் அதிமதுரம், இலவங்கப்பட்டை, இஞ்சி ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள். இவற்றோடு வெண் பியோனிச் செடியின் வேர், ‘தாங்குய்’ என்னும் வேர், உலர்ந்த சிவப்பு இலந்தை ஆகியவையும் சேர்கின்றன. ஆனால் இந்தக் கஷாயத்தின் கருமைக்குக் காரணம் ‘ஜிஹ்வாங்’ என்னும் ரெமானியாக் கிழங்கு. பச்சையாக இருக்கும்போது மஞ்சள் நிறமான அதை, ஆவியில் வேகவைத்து வெயிலில் காயவைப்பதை ஒன்பது முறை வரை திரும்பத் திரும்பச் செய்வது பழைய முறை. முடிவில் அது தார் போலக் கறுத்து இனிப்பேறிவிடும். ஜொங்உப் பகுதி இந்தக் கிழங்குக்குப் பேர் போனது என்பதால்தான் இத்தெருவும் இங்கே உருவானது.

ஹோ ஜுன் என்னும் அரண்மனை மருத்துவர் 1610இல் எழுதி முடித்து, 1613இல் அச்சான ‘தொங்உய் போகாம்’ என்ற மருத்துவ நூலில், மனமும் உடலும் ஒருசேரக் களைத்தவர்களுக்கும் பெரிய நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் உரிய கஷாயமாக இது வருகிறது. அதாவது, இன்று பலர் இதைச் சளி மருந்தென்று நினைத்தாலும், இது முதலில் களைப்புக்கான மருந்துதான். அளவுக்கு மீறி உழைத்ததால் வரும் உடல்வலியையும் குளிர்நடுக்கத்தையும் கொரியர்கள் ‘மொம்சால்’ என்கிறார்கள். அது வரும்போல் தோன்றினால், வேலை முடிந்து திரும்பும் வழியில் மருந்துக் கடையில் நுழைந்து, சிறிய கண்ணாடிக் குப்பியில் அடைத்த ஸாங்ஹ்வா கஷாயத்தை வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். குளிர்காலத்தில் சில கடைகளில் அந்தக் குப்பிகளைச் சூடாகவே வைத்திருப்பார்கள். எனக்கு அது வெறும் மருந்தாகத்தான் பட்டது; நாக்கில் நிற்பதற்குள் விழுங்கிவிட்டேன்.

அதே கஷாயம் ‘தாபாங்’ என்னும் பழைய பாணித் தேநீர்க் கடைகளில் வேறு கோலம் கொள்கிறது. முட்டை விலையுயர்ந்த சத்துணவாக இருந்த காலத்தில், அந்தக் கடைகளில் இதன்மேல் ஒரு பச்சை மஞ்சள்கருவை மிதக்கவிட்டுக் கொடுக்கும் வழக்கம் பரவியது. அந்தக் காலத்தில் காலை நேரக் காபியிலும் மஞ்சள்கரு இட்டார்கள் என்றால் நம்புவீர்களா? மஞ்சள்கருவை உடைத்துக் கலக்குவதா, சூட்டில் பாதி வெந்ததும் கரண்டியால் முழுதாக எடுத்து விழுங்குவதா என்பது அவரவர் விருப்பம். நான் கலக்கிப் பார்த்திருக்கிறேன். கஷாயத்தின் தெளிவு போய், முட்டை வாடைதான் மிஞ்சியது. ஆகவே முழுதாக விழுங்குவோர் பக்கமே நான்.

இந்தக் கடையில் முட்டை இல்லை; அதற்குப் பதிலாகச் செஸ்ட்நட்டும் இலந்தையும் பைன் பருப்பும் கிண்ணம் நிறைய இட்டிருக்கிறார்கள். முதல் வாய் கசக்கிறது. அது தொண்டையில் இறங்கியபின் அதிமதுரத்தின் இனிப்பு மெல்ல எழுகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த அதிமதுரத்தை முன்னிட்டு இதை நாள்தோறும் குடிக்க வேண்டாம். பக்கத்து மேசையில் நான்கு மூதாட்டிகள் அரைமணி நேரமாகப் பேசிக்கொண்டே, பருப்புகளைக் கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டிருக்கிறார்கள். என் கிண்ணத்தின் அடியிலும் இன்னும் இரண்டு செஸ்ட்நட்டுகள் இருக்கின்றன. கேமராவை அணைத்துவிட்டு அவற்றைச் சாப்பிடப் போகிறேன்.