வைத்த கண் நிற்பதில்லை

[காட்சி: திருகோணமலை, பிரெட்ரிக் கோட்டை வாசல். புள்ளிமான்கள் மேய்கின்றன.]

கோணேசர் கோவிலுக்குப் போகிற வழி இது. கையில் கச்சான் சரை இருந்தால் மான் பக்கத்திலேயே வந்துவிடும். இப்போது எதிரே மாமா நின்று கதைக்கிறார் என்று வையுங்கள். அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும், அது மரியாதை. ஆனால் மனம் முழுக்க வலது கைப்பக்கம், சரையை முகர வருகிற அந்த ஈர மூக்கில். கண் மாமாவிடம், கவனம் மானிடம்.

அந்த நேரம் உங்கள் கண் உண்மையிலேயே மாமாவின் முகத்தில் அசையாமல் நின்றதா?

[திரையில்: நடுவில் கறுப்புப் புள்ளி. அதைச் சுற்றி, தள்ளி, வெளிறிய நீல வளையம்.]

சரி, ஒரு சோதனை. புள்ளியை மட்டும் பாருங்கள். 20 விநாடி. இமைக்காமல்.

[20 விநாடி மௌனம்]

வளையம் மங்கியதா? சிலருக்கு முழுதாகவே மறைந்திருக்கும். சுவிட்சர்லாந்து மருத்துவர் டிரொக்ஸ்லர் 1804 இல் எழுதி வைத்த விடயம் இது. கருவாட்டு வாடிக்குள் கொஞ்ச நேரம் நின்றால் மணம் தெரியாமல் போகிறதே, அதே கதைதான். பார்வை நரம்புகளுக்கு மாற்றம் வேண்டும். 1950களில் ஆய்வாளர்கள் கண்ணோடு சேர்ந்தே படமும் நகரும்படி கருவிகள் செய்தார்கள். கண் எவ்வளவு அசைந்தாலும் படம் விழித்திரையில் ஒரே இடத்தில் விழும். சில விநாடிகளில் படம் மங்கி மறைந்தது. கண் அசைவதால்தான் நமக்கு உலகம் தெரிந்துகொண்டே இருக்கிறது.

வைத்த கண் வாங்காமல் பார்த்தேன் என்கிறோம். அப்போதும் கண் மெல்ல நடுங்கும், மெல்ல வழுக்கும், விநாடிக்கு ஒன்று இரண்டு தடவை சட்டென்று தாவும். இந்தத் தாவலுக்கு மைக்ரோசக்கேட் என்று பெயர். நான் நுண்தாவல் என்று சொல்கிறேன். பெரும்பாலும் 1 பாகைக்குள் அடங்கிவிடும். நம் கடலில் எழும்புகிற முழுநிலாவின் அகலம் அரைப் பாகை, அதை வைத்துக் கணக்குப் பாருங்கள். நாமாக நினைத்துச் செய்வதில்லை, நடப்பதும் தெரியாது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் இனித்தான்.

2002 இல் ஹஃபெட், கிளார்க் என்ற இருவரும், 2003 இல் எங்பெர்ட், கிளீகல் என்ற இருவரும் இதைச் சோதித்தார்கள். நடுவில் உள்ள புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. கவனத்தை மட்டும், திரையில் தோன்றும் சைகை காட்டுகிற பக்கம் கொண்டுபோக வேண்டும். கண்ணைக் கருவி படம் பிடித்துக்கொண்டே இருக்கும். சைகை தோன்றியதும் நுண்தாவல்கள் சட்டென்று குறைந்தன, அப்புறம் கூடின. அப்படிக் கூடியபோது அவற்றின் திசை கவனம் போன பக்கத்தோடு தொடர்புபட்டிருந்தது. மாமாவைப் பார்த்தபடியே உங்கள் கண் மானின் பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்திருக்கிறது!

கவனம், நுண்தாவல் இரண்டையும் இணைக்கும் இடம் நடுமூளையில் இருக்கிறது: சுபீரியர் கொலிகுலஸ். பெரிய பார்வைத் திருப்பங்களிலும் கவனத்தை நகர்த்துவதிலும் பங்கெடுக்கும் பகுதி அது. நுண்தாவலும் அங்கிருந்தே பிறக்கிறது என்று 2009 இல் குரங்குகளில் காட்டினார்கள்.

அதற்காக ஒருவரின் கண்ணைப் பார்த்து மனதைப் படித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு தாவலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால்தான் சாய்வு தெரியும். நுண்தாவல் நடக்காத நேரத்திலும் கவனம் தன் வேலையைச் செய்கிறது என்று 2022 இல் வந்த ஆய்வொன்று காட்டியது.

[காட்சி: உப்புவெளி. வீட்டுத் திண்ணையில் அம்மம்மா ஊசியில் நூல் கோர்க்கிறார். கமரா கிட்டப் போகிறது.]

2010 இல், கணினித் திரையில் ஊசியில் நூல் கோர்க்கவைத்து ஒரு சோதனை செய்தார்கள். நூல் நுனி நெருங்க நெருங்க நுண்தாவல்கள் கூடின. நுனிக்கும் ஊசியின் காதுக்கும் நடுவே கண் துல்லியமாகப் போய்ப் போய் வந்தது.

அம்மம்மா நூல் நுனியை உதட்டில் ஈரமாக்கி முறுக்குகிறார். ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக்கூட அசைக்காமல் இருப்பதாகத்தான் அவருக்கு எண்ணம். நுனி, காது. நுனி, காது.

[நூல் நுழைகிறது.]