அறுத்துவிட்ட தங்கூசி

எல்லோருக்கும் வணக்கம். தூண்டில் போடுகிறவர்களைத் திட்டுவதற்காக என்னைக் கூப்பிடவில்லை என்று நம்புகிறேன். நானும் மண்புழு தோண்டிக்கொண்டு கண்மாய்க்கு ஓடியவன்தான். தூண்டில் முள் கருவேல வேரில் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் வராது. தங்கூசியை, அதாவது தூண்டிலின் நைலான் இழையை, பல்லால் கடித்து அறுத்துவிட்டு வேறு முள் கட்டுவோம். மிச்சம் தண்ணீரோடு போயிற்று என்று நினைப்பு.

அது எங்கேயும் போகவில்லை. பருத்தி நூலாக இருந்தால் மக்கியிருக்கும். தங்கூசி மக்காது, கண்ணுக்கும் தெரியாது. போன மாதம் அதே கண்மாயில் ஒரு நீர்க்காகம் கிளையில் தலைகீழாகத் தொங்கியது. இறக்கையில் இரண்டு சுற்று, காலில் ஒரு சுற்று. தோலை அறுத்துக்கொண்டு எலும்பு வரை இறங்கியிருந்தது. நகவெட்டியால் நறுக்கி எடுத்தோம். அது என் விரலைக் கடித்துக் கிழித்துவிட்டுப் பறந்தது. கோபமே வரவில்லை. நான் பார்த்தவற்றில் பிழைத்தது அது ஒன்றுதான்.

தங்கூசி சரி, அதில் கட்டுகிற ஈயக்குண்டு? பறவைக்குப் பல் கிடையாது. பல பறவைகள் இரையை அரைக்கப் பொடிக்கற்களை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் தேம்ஸ் நதி அன்னங்கள் அப்படித்தான் ஈயக்குண்டுகளையும் விழுங்கின. பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் என்று நாம் சொல்லும் அன்னத்துக்குக் கல்லையும் ஈயத்தையும் பிரிக்கத் தெரியவில்லை! அரைபட்ட ஈயம் ரத்தத்தில் கலந்து நரம்பைத் தாக்கும். நீண்ட கழுத்து வலுவிழந்து முதுகில் சரியும். தின்றது உள்ளே இறங்காது. பட்டினியாலேயே சாகும். இப்படி ஆயிரக்கணக்கில் செத்த பிறகு, 1987இல் சுமார் 28 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளில் பெரும்பாலானவற்றின் விற்பனைக்கு அங்கே தடை வந்தது. அப்புறம் அன்னங்களின் எண்ணிக்கை ஏறியது.

இன்னொன்று. உங்கள் முள்ளில் பறவையே மாட்டினால், பயந்துபோய் தங்கூசியை அறுத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடா கடற்கரையில் கூழைக்கடாக்களுக்காக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அறுத்தால் அந்த நீளத்தையும் இழுத்துக்கொண்டு அது கூடடையும் மரத்துக்குப் போகும். அங்கே கிளையில் சுற்றிக்கொள்ளும், பக்கத்துப் பறவையும் அதில் சிக்கும். மெதுவாகச் சுற்றி இழுங்கள். தலையைத் துண்டால் மூடினால் அடங்கிவிடும். முள்ளின் நுனிக்கொக்கியை நறுக்கிவிட்டு, வந்த வழியே உருவுங்கள். விழுங்கியிருந்தால் மட்டும் இழுக்கக் கூடாது. மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இந்தத் தண்ணீர் பாட்டிலில் இருப்பது ஒரே கண்மாயில் நான் பொறுக்கிய தங்கூசி. கையில் வாங்கிப் பாருங்கள். பார்த்து, உள்ளே முள் இருக்கிறது.