பறை என்றே சொல்வோம்

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். இந்தக் கருவியைத் தப்பு என்று அழைப்பதா, பறை என்று அழைப்பதா என்பதுதான் இன்றைய வழக்கு. பறை என்பதே சரி என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி அழகாகப் பேசினார். தெலுங்கில் டப்பு, பாரசீகத்தில் தஃப், அரபியில் துஃப், எபிரேயத்தில் தோஃப், அரபியிலிருந்து போர்ச்சுகலுக்குப் போன அதூஃபே என்று வரிசையாக அடுக்கினார். தோலில் கை விழுகிற ஓசையே இத்தனை ஊரிலும் பெயராகிவிட்டது என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். கேட்க எனக்கும் இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னபடியே பார்த்தாலும் அந்தப் பெயர்கள் ஓசையோடு நின்றுவிடுகின்றன. இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைப் பறை என்ற பெயர்தான் சொல்கிறது.

பறைதல் என்றால் சொல்லுதல். பாலக்காட்டைத் தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். 'பறயூ' என்பார்கள், 'சொல்லுங்கள்' என்று பொருள். நாம் நூலில் வைத்துவிட்ட சொல்லை மலையாளிகள் இன்றும் நாவில் வைத்திருக்கிறார்கள். வள்ளுவரைக் கேளுங்கள். கேட்ட ரகசியத்தை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சொல்லும் கயவரை 'அறைபறை அன்னர்' என்கிறார் 1076ஆம் குறளில். பறை என்றதும் அவருக்கு நினைவு வருவது, செய்தி பரவுவது!

நான் பறை கற்கப் போன முதல் நாள், ஆசான் குச்சியைக் கையில் தரவில்லை. வைக்கோலைக் கொளுத்தி, தோலைத் தீயில் காட்டிக் காட்டி விரலால் தட்டச் சொன்னார். முதலில் 'தொப்' என்று ஈரத்துணி மாதிரி விழுந்தது. சூடு ஏற ஏறத் தோல் இறுகி, கணீரென்று பேச ஆரம்பித்தது. அப்புறம்தான் அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் கொடுத்தார். "இப்பத்தான் வாய் திறந்திருக்கு" என்றார். பறைதல் என்ற சொல்லுக்கு எனக்குப் பொருள் புரிந்தது அன்றைக்குத்தான்.

தோழி வைத்த கனமான வாதத்துக்கு வருகிறேன். பறை என்றாலே சாதி நினைவுக்கு வருகிறது, அந்த வலி வேண்டாம் என்றார். அந்த வலியை நான் சிறிதாக்க மாட்டேன். நம் ஊர்ப் பறையர் என்ற பெயர் போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலத்தில் 'பரையா' ஆகி, ஒதுக்கப்பட்டவர் என்று அகராதியில் ஏறியிருக்கிறது. தெருநாய்க்கும் அதே பெயர் வைத்தார்கள். இன்றும் உலகச் செய்திகளில் ஒதுக்கப்பட்ட நாட்டை அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

ஆனால் போர்ச்சுகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே புறநானூற்றின் 335ஆம் பாட்டு, துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற 'இந்நான்கு அல்லது குடியும் இல்லை' என்றது. ஆண்டாள் மார்கழியில் 'நாராயணனே நமக்கே பறை தருவான்' என்று கேட்டாள். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், புள்ளோடு பறையையும் சேர்த்தே எண்ணினார். இழிவு பிறகு ஏற்றப்பட்டது. ஏற்றியவர்களை விட்டுவிட்டுச் சொல்லை ஏன் நாடு கடத்த வேண்டும்?

ஊர்த் தெருவில் தண்டோரா போட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் வழக்கம் ஒழிய வேண்டியதுதான். 2022இல் தமிழக அரசு அதை நிறுத்தச் சொன்னபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஒழிய வேண்டியது அந்த அடிமை வேலை. அதற்கும் முந்தைய பெயர் எதற்கு ஒழிய வேண்டும்?

நடுவர் அவர்களே, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கலைஞர் தன் கருவியைத் தப்பு என்று அன்போடு சொன்னால், அவரைத் திருத்த நான் வரவில்லை. அழைப்பிதழில், பள்ளிப் பாடத்தில், மேடை அறிவிப்பில் பறை என்று அச்சிடுங்கள், பறை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கள் அணி கேட்பது அவ்வளவுதான்.